9.81-க்குப் பிறகு வரும் இலக்கங்கள்

தனி ஊசல் சோதனையைப் படிவம் 4 மாணவர்களுக்கு நடத்தும் ஒவ்வோர் ஆண்டும், யாராவது ஒருவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு என் மேசைக்கு வருவார். இந்த ஆண்டு வந்தவள் ஒரு மாணவி. ஒரு மீட்டர் நூல், நுனியில் ஓர் இரும்புக் குண்டு, 20 அலைவுகளுக்கு ஆன நேரம் 40.6 வினாடி. கணக்கை ஒழுங்காகத்தான் செய்திருந்தாள். ஈர்ப்பு முடுக்கம் 9.58 மீ/வி² என்று விடை வந்திருந்தது.

“டீச்சர், புத்தகத்துல 9.81 இருக்கு. எனக்கு மட்டும் வரவே மாட்டேங்குது. அழிச்சிட்டு 9.81-னு எழுதிடவா?”

“அழிக்காதே” என்றேன். நம் ஊரில் அந்த ஊசல் 20 முறை ஆட ஏறக்குறைய 40.2 வினாடி பிடிக்கும். அவளுடைய கட்டைவிரல் நிறுத்துக் கடிகாரத்தை 0.4 வினாடி தாமதமாக அழுத்தியிருக்கிறது. அவ்வளவுதான் பிழை. ஆனால் அதற்குப் பிறகு நான் சொன்னதுதான் அவளை நிமிர்ந்து பார்க்க வைத்தது: “நீ எவ்வளவு கவனமாக அளந்தாலும் இங்கே 9.81 வராது. 9.78-தான் வரும்.”

உண்மைதான், மாணவர்களே. 9.81 என்பது லண்டன், பாரிஸ் போன்ற இடங்களுக்குப் பொருந்தும் மதிப்பு. பூமி தன்னைத்தானே சுற்றுவதால் அதன் நடுப்பகுதி சற்றுப் புடைத்திருக்கிறது. பூமத்திய ரேகைக்கு அருகில் வாழும் நாம் பூமியின் மையத்திலிருந்து கொஞ்சம் அதிகத் தொலைவில் நிற்கிறோம். சுழற்சியின் விளைவும் நம்மிடத்தில்தான் மிக அதிகம். அதனால் பூமத்திய ரேகையில் ஈர்ப்பு முடுக்கம் 9.780 மீ/வி², துருவங்களில் 9.832 மீ/வி².

இதை முதலில் காட்டிக்கொடுத்ததும் ஓர் ஊசல்தான். 1672-இல் ஜான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் பாரிஸிலிருந்து தென் அமெரிக்காவின் கயென் நகருக்கு ஓர் ஊசல் கடிகாரத்தைக் கொண்டு சென்றார். பாரிஸில் சரியாக ஓடிய கடிகாரம் கயெனில் நாளொன்றுக்கு ஏறக்குறைய இரண்டரை நிமிடம் பின்தங்கியது. கடிகாரம் பழுதாகவில்லை. அங்கே ஈர்ப்பு குறைவு. பின்னர் நியூட்டன், பூமி முழு உருண்டை அல்ல என்று வாதிட இந்தத் தகவலையும் பயன்படுத்திக்கொண்டார்.

இடத்துக்கு இடம் ஈர்ப்பு மாறுவது இப்போது புரிந்திருக்கும். இந்த வாரம் நாம் பார்க்கப் போவது வேறொன்று. ஒரே இடத்தில், அசையாமல் நின்று அளந்தால், இன்று வந்த எண்தான் அடுத்த ஆண்டும் வருமா?

வராது. மாற்றம் முதல் இரண்டு, மூன்று தசம இடங்களில் தெரியாது என்பதால்தான் பாடப்புத்தகம் அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஆறாவது, ஏழாவது, எட்டாவது தசம இடம் வரை போக வேண்டும். அந்த இலக்கங்களில்தான் கதை இருக்கிறது.

எட்டாவது இலக்கம்

இவ்வளவு சிறிய மாற்றங்களுக்குத் தனி அலகு உண்டு. கலிலியோவின் பெயரால் வந்த அது ‘கேல்’. (தமிழில் ‘கல்’ என்று எழுதினால் எல்லாரும் கல்லைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள் என்பதால் ‘கேல்’ என்றே வைத்துக்கொள்வோம்.) ஒரு கேல் என்பது 1 செ.மீ/வி². அதில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோகேல். மீட்டரில் எழுதினால் 0.00000001 மீ/வி², அதாவது தசமப் புள்ளிக்குப் பிறகு எட்டாவது இலக்கம். நாம் உணரும் மொத்த ஈர்ப்பில் ஏறக்குறைய நூறு கோடியில் ஒரு பங்கு.

இதை அளக்க நூலும் குண்டும் போதாது. ஆய்வகங்களில் இரண்டு வகை ஈர்ப்புமானிகள் இருக்கின்றன. முதல் வகையின் தத்துவம் நமக்குத் தெரிந்ததே: ஒரு பொருளைக் கீழே போட்டு, விழும் நேரத்தை அளப்பது. காற்றை அகற்றிய குழாய்க்குள் ஒரு சிறு கண்ணாடி எதிரொளிப்பான் சுமார் 20 செ.மீ. விழுகிறது. லேசர் ஒளி அது கடந்த தூரத்தை அளக்கிறது. அணுக் கடிகாரம் நேரத்தை அளக்கிறது. நூற்றுக்கணக்கான முறை விழ வைத்துச் சராசரி எடுத்தால், பிழை சில மைக்ரோகேல்களுக்குள் அடங்கிவிடும். உங்கள் ஆசிரியர் ‘ஒரு முறை அளந்தால் போதாது, மீண்டும் அளந்து சராசரி எடு’ என்று நச்சரிப்பதன் பயன் இதுதான்.

இரண்டாவது வகையில் எதுவும் விழுவதில்லை. திரவ ஹீலியம் ஏறக்குறைய –269 பாகை செல்சியசுக்குக் குளிரூட்டிய நையோபியம் உருண்டை ஒன்று காந்தப் புலத்தில் அந்தரத்தில் மிதக்கிறது. ஈர்ப்பு இம்மியளவு கூடினால் உருண்டை கீழிறங்கப் பார்க்கும். அதை அதே இடத்தில் நிறுத்தத் தேவைப்படும் விசையே அளவீடு. ஒரு மைக்ரோகேலில் நூறில் ஒரு பங்கைக்கூட இது உணரும்.

இப்படிப்பட்ட கருவி முதலில் கண்டுகொள்வது நிலவை. நிலவும் சூரியனும் கடலை மட்டுமல்ல, கெட்டியான தரையையும் இழுக்கின்றன. நாம் நிற்கும் தரை நாள்தோறும் முப்பது செ.மீ. அளவுக்கு ஏறி இறங்கும் நாள்கள் உண்டு. சுற்றியுள்ள எல்லாமே சேர்ந்து ஏறி இறங்குவதால் நமக்குத் தெரிவதில்லை. ஈர்ப்புமானியில் இது ஒரே நாளில் 200 மைக்ரோகேல் வரையிலான ஏற்ற இறக்கமாகப் பதிவாகும். நல்லவேளையாக நிலவின் பாதையை நாம் துல்லியமாக அறிவோம். எனவே அதன் பங்கைக் கணக்கிட்டுக் கழித்துவிடலாம்.

கழித்த பிறகு மிஞ்சுவது என்ன? பெரும்பாலும் நீர்.

ஒரு பெரிய சமவெளியின் அடியில் ஒரு மீட்டர் தடிப்புள்ள நீர்ப்படலம் சேர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் மலாயில் ‘ஜிசிம்’ என்று படிக்கும் பொருண்மை உங்கள் காலடியில் கூடுகிறது. அது கூடுதலாக இழுக்கும். எவ்வளவு? அகன்ற படலத்துக்கான சூத்திரம் எளியது: 2 × π × ஈர்ப்பு மாறிலி × அடர்த்தி × தடிப்பு. ஈர்ப்பு மாறிலிக்கு 6.67 × 10⁻¹¹, நீரின் அடர்த்திக்கு 1000, தடிப்புக்கு 1 என்று போட்டுப் பாருங்கள். 42 மைக்ரோகேல் வரும். ஆக, தரையைத் தோண்டாமலே அடியில் உள்ள நீரை நிறுத்துப் பார்க்க முடியும்.

ஒரு சிக்கல் உண்டு. தரை ஒரு செ.மீ. உயர்ந்தாலே ஈர்ப்பு ஏறக்குறைய 3 மைக்ரோகேல் குறையும், ஏனென்றால் நாம் பூமியின் மையத்திலிருந்து விலகுகிறோம். இப்போது கருவி 12 மைக்ரோகேல் குறைவு காட்டுகிறது என்றால், அடியில் 29 செ.மீ. நீர்ப்படலம் வற்றியதா, அல்லது தரை 4 செ.மீ. உயர்ந்ததா? ஈர்ப்புமானி மட்டும் இதற்குப் பதில் சொல்லாது. அதன் பக்கத்திலேயே ஒரு ஜி.பி.எஸ். கருவியை வைத்துத் தரையின் உயரத்தையும் அளக்க வேண்டும். ஈர்ப்பு நமக்குத் தருவது மொத்தத்தை மட்டுமே. அதைப் பிரித்துக் கூறுவது நம் வேலை.

முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று

தரையில் வைத்த ஈர்ப்புமானி தன்னைச் சுற்றியுள்ள சிறு பகுதியைத்தான் அறியும். உலகம் முழுவதையும் மாதந்தோறும் நிறுத்துப் பார்க்க, நாசாவும் ஜெர்மனியின் விண்வெளி ஆய்வு நிலையமும் சேர்ந்து 2002 மார்ச் 17 அன்று ரஷ்யாவின் பிளெசெட்ஸ்க் ஏவுதளத்திலிருந்து இரட்டைச் செயற்கைக்கோள்களை அனுப்பின. திட்டத்தின் பெயர் கிரேஸ். ஒன்றையொன்று துரத்திக்கொண்டே போனதால் இரண்டுக்கும் ‘டாம்’, ‘ஜெர்ரி’ என்று செல்லப்பெயர் வைத்தார்கள்.

ஏறக்குறைய 500 கி.மீ. உயரத்தில், துருவங்களுக்கு மேலாக, ஒரே பாதையில் இரண்டும் சுற்றின. இடைவெளி சுமார் 220 கி.மீ. கோலாலம்பூருக்கும் தைப்பிங்கிற்கும் நேர்க்கோட்டில் உள்ள தூரம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த இடைவெளி எவ்வளவு மாறுகிறது என்பதை நுண்ணலைகளால் மைக்ரோன் அளவுக்கு அளந்தார்கள். ஒரு தலைமுடியின் தடிப்பே பல பத்து மைக்ரோன்கள். தைப்பிங்கில் நிற்கும் ஒருவர் தலைமுடியின் தடிப்பில் சிறு பகுதி அளவு நகர்ந்ததைக் கோலாலம்பூரிலிருந்து கண்டுபிடிப்பதைப் போல.

சரி, இடைவெளி ஏன் மாற வேண்டும்? இரண்டு நண்பர்கள் மிதிவண்டியில் மிதிக்காமல், ஒரே வேகத்தில், ஒருவர் பின் ஒருவராக உருண்டு போகிறார்கள். வழியில் ஒரு பள்ளம். முன்னால் செல்பவர் முதலில் இறங்குவார், அவருடைய வேகம் கூடும், இடைவெளி நீளும். பிறகு அவர் மேடேறத் தொடங்கும்போது வேகம் குறையும், அந்த நேரத்தில் பின்னால் வருபவர் பள்ளத்தில் இறங்கிக்கொண்டிருப்பார், இடைவெளி சுருங்கும். இருவரும் கடந்த பின் பழையபடி ஆகிவிடும். நீங்கள் பள்ளத்தையே பார்க்கவில்லை. ஆனால் அவர்களுக்கிடையே உள்ள தூரத்தை மட்டும் தொடர்ந்து குறித்துக்கொண்டால், பள்ளம் எங்கே இருந்தது, எவ்வளவு ஆழம் என்று சொல்லிவிடலாம். பொருண்மை அதிகமுள்ள இடம், செயற்கைக்கோளுக்கு அந்தப் பள்ளம் போன்றது.

மேல் வளிமண்டலத்தின் மெல்லிய காற்றும் சூரிய ஒளியின் அழுத்தமும்கூடச் செயற்கைக்கோளைத் தள்ளும். அவை ஈர்ப்பு அல்ல. எனவே ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு முடுக்கமானி இருந்து, அந்தத் தள்ளல்களைத் தனியே அளந்து கொடுத்தது. பிறகு தொடங்கியது கழித்தல் கணக்கு. கடல் அலையேற்றம், தரையின் ஏற்ற இறக்கம், காற்றழுத்த மாற்றத்தால் இடம் மாறும் காற்றின் பொருண்மை, பனியுகத்தில் பனிக்கட்டியால் அமுங்கிக் கிடந்து இன்றும் மெல்ல எழுந்துகொண்டிருக்கும் கனடாவின் ஹட்சன் விரிகுடாப் பகுதி என ஒவ்வொன்றையும் கழிக்க வேண்டும். எதையாவது தவறாகக் கழித்தால் இல்லாத வறட்சியை இருப்பதாகச் சொல்லிவிடுவோம். இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது செயற்கைக்கோளைவிட இந்தப் பொறுமையான கழித்தல்தான்.

மேலிருந்து பார்க்கும்போது சில நூறு கி.மீ. அகலமுள்ள பகுதிகளைத்தான் கிரேஸ் பிரித்தறியும். உங்கள் வீட்டுக் கிணற்றை அது அறியாது. ஆனால் சில மாநிலங்களின் நிலத்தடி நீர் முழுவதும் குறைந்தால் தெரியும்.

பஞ்சாபில் காணாமல் போன நீர்

இந்தியாவின் வடமேற்கில் உள்ள பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான் மாநிலங்கள் கோதுமைக்கும் நெல்லுக்கும் பெயர் பெற்ற நிலங்களை உள்ளடக்கியவை. நம் வீட்டுப் பிரியாணிக்குப் போடும் பாஸ்மதி விளையும் முக்கிய மாநிலங்களில் பஞ்சாபும் ஹரியானாவும் உண்டு. 1960-களில் தொடங்கிய பசுமைப் புரட்சிக்குப் பிறகு அங்கே ஆழ்துளைக் கிணறுகள் பெருகின. மின்மோட்டார் போட்டு நிலத்தடி நீரை இறைத்துத்தான் பெரும்பகுதிப் பயிர்கள் வளர்கின்றன.

2009-இல் நாசாவைச் சேர்ந்த மேத்யூ ரொடெலும், அவருடன் இசபெல்லா வெலிகோனியா, ஜேம்ஸ் பாமிலியெட்டி ஆகியோரும் ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 2002 ஆகஸ்டு முதல் 2008 அக்டோபர் வரையிலான கிரேஸ் அளவீடுகளை எடுத்து, மண்ணின் ஈரம் முதலியவற்றின் பங்கைக் கழித்தார்கள். மிஞ்சியது நிலத்தடி நீர். அது ஆண்டுக்குச் சராசரியாக 4 செ.மீ. நீர்ப்படலத்துக்குச் சமமான அளவு குறைந்துகொண்டே போயிருந்தது.

4 செ.மீ. தானே என்று தோன்றும். கணக்கிட்டுப் பாருங்கள். அந்தப் பகுதியின் பரப்பு சுமார் 4,40,000 சதுர கி.மீ., அதாவது தீபகற்ப மலேசியாவைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். 4 செ.மீ. என்பது 0.00004 கி.மீ. இரண்டையும் பெருக்கினால் 17.6 கன கி.மீ. கட்டுரையில் அவர்கள் தந்த எண் ஆண்டுக்கு 17.7. நமது கென்யிர் ஏரி முழுதாக நிரம்பினால் கொள்ளும் நீர் சுமார் 13.6 கன கி.மீ. கென்யிரைவிடப் பெரிய ஓர் ஏரி ஒவ்வோர் ஆண்டும் காலியாகிறது. ஆனால் கண்ணுக்குத் தெரியாமல், மண்ணுக்கடியில். அந்த ஆறு ஆண்டுகளில் மொத்த இழப்பு 109 கன கி.மீ. இந்தியாவின் மிகப் பெரிய நீர்த்தேக்கத்தின் கொள்ளளவைப்போல் ஏறக்குறைய ஒன்பது மடங்கு.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த ஆண்டுகளில் அங்கே மழை பொய்க்கவில்லை. ஏறக்குறைய வழக்கமான அளவுக்குப் பெய்தது. எனவே குறைந்ததற்கு வானத்தைக் குறை சொல்ல முடியாது. மழை மண்ணுக்குள் இறக்கும் நீரைவிட மனிதர்கள் இறைத்தது அதிகம் என்பதே பொருத்தமான விளக்கம். கிணற்றை ஆண்டுக்காண்டு ஆழப்படுத்திக்கொண்டிருந்த விவசாயிக்கு நீர் குறைவது புதுச் செய்தி அல்ல. அவருடைய கிணறு அதை எப்போதோ சொல்லிவிட்டது. ஆனால் ஒரு கிணறு சொல்வது ஒரு வயலின் கதை. மொத்தம் எவ்வளவு போகிறது என்று ஒரே எண்ணாகச் சொன்னது, எட்டாவது தசம இடத்தில் நடந்த மாற்றம்.

பனி உருகினால் கடல் எங்கே உயரும்?

கிரேஸ் நிறுத்துப் பார்த்த இன்னொரு பெரும் பொருள் கிரீன்லாந்தின் பனிப்பாளம். 2002 முதல் அது ஆண்டுக்குச் சராசரியாக ஏறக்குறைய 270 நூறு கோடி டன் பனியை இழந்திருக்கிறது. 360 நூறு கோடி டன் நீர் கடலில் சேர்ந்தால் உலகின் கடல்மட்டம் சராசரியாக 1 மி.மீ. உயரும்.

‘சராசரியாக’ என்ற சொல்லைக் கவனியுங்கள். கிரீன்லாந்தின் பனிப்பாளம் அவ்வளவு பெரிது என்பதால், அது தன்னைச் சுற்றியுள்ள கடல்நீரைத் தன் ஈர்ப்பால் தன்பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. பனி உருக உருக அந்த இழுப்பு தளர்கிறது. அருகிலுள்ள கடலில் மட்டம் தாழ்கிறது. விடுபட்ட நீர் தொலைவிலுள்ள கடல்களுக்குப் போகிறது. பனி உருகும் இடத்திலிருந்து வெகு தொலைவில், வெப்பமண்டலக் கடலோரங்களில், அதனால் ஏற்படும் உயர்வு சராசரியைவிடச் சற்று அதிகம். கிரீன்லாந்தை வரைபடத்தில் மட்டும் பார்த்திருக்கும் நாமும் இந்தக் கணக்குக்குள் இருக்கிறோம்.

கடல்மட்டம் எப்போதும் ஏறுமுகமாகவே இருப்பதில்லை. 2010-க்கும் 2011-க்கும் இடையில் அது சுமார் 5 மி.மீ. இறங்கியது. புவி வெப்பமடைவது நின்றுவிட்டதா என்று சிலர் கேட்டார்கள். கிரேஸ் அந்த நீர் இருந்த இடத்தைக் காட்டியது: லா நினா கொண்டுவந்த பெருமழையால் ஆஸ்திரேலியாவின் நிலப்பரப்பிலும் தென் அமெரிக்காவின் வடபகுதியிலும் தேங்கியிருந்தது. அது மெல்லக் கடலுக்குத் திரும்பியதும் மட்டம் மீண்டும் ஏறியது.

நீர் மட்டுமல்ல, பாறையும் இடம் மாறும். 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவின் கடலடியில் நிகழ்ந்த நிலநடுக்கத்தை நம் நாட்டில் பினாங்கும் கெடாவும் மறக்கவில்லை. அதில் லங்காவி சுமார் 17 செ.மீ. நகர்ந்ததை ஜி.பி.எஸ். காட்டியது. அதற்கு முன்பும் பின்பும் எடுத்த கிரேஸ் அளவீடுகளை ஒப்பிட்டபோது, அந்தமான் கடல் பக்கத்தில் ஈர்ப்பு ஏறக்குறைய 15 மைக்ரோகேல் குறைந்திருந்தது. கடல்தரை தாழ்ந்ததும், ஆழத்துப் பாறைகள் விரிந்து அடர்த்தி குறைந்ததும் காரணம். இதைப் பற்றிய ஆய்வு 2006-இல் வெளிவந்தது.

ஐந்து ஆண்டுகளுக்குத் திட்டமிட்ட கிரேஸ் பதினைந்து ஆண்டுகள் உழைத்தது. மின்கலங்கள் தளர்ந்து, 2017 அக்டோபரில் பணி முடிந்தது. அதன் வாரிசான கிரேஸ் தொடர்திட்டம் 2018 மே 22 அன்றுதான் விண்ணில் ஏறியது. இடையில் ஏறக்குறைய ஓராண்டுக்கு மாதாந்தர வரைபடத்தில் ஓட்டை. அறிவியலில் சில சோதனைகளை மறுபடி செய்யலாம். ஆனால் போன ஆண்டின் ஈர்ப்பை இந்த ஆண்டு அளக்க முடியாது. புதிய இரட்டையர்களிடம் நுண்ணலைக் கருவியோடு லேசர் கருவியும் சோதனைக்காக இருக்கிறது. அது இடைவெளியின் மாற்றத்தை மைக்ரோனைவிடவும் பல மடங்கு நுணுக்கமாக அளக்கிறது.

செய்து பாருங்கள்

1. உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஒரு மீட்டர் ஊசலை 20 அலைவுகளுக்குப் பதில் 100 அலைவுகள் ஆட விட்டு நேரம் எடுங்கள். விரல் தாமதம் அதே 0.4 வினாடிதான் என்றால், விடையில் பிழை எவ்வளவு குறைகிறது? (வீச்சைச் சிறியதாக வைத்துக்கொள்ளுங்கள், எண்ணுவதற்கு ஒரு நண்பரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

2. கிரீன்லாந்து ஆண்டுக்கு 270 நூறு கோடி டன் வீதம் 20 ஆண்டுகள் இழந்தால், உலகக் கடல்மட்டம் சராசரியாக எத்தனை மி.மீ. உயரும்?

3. ஓர் ஈர்ப்புமானி 21 மைக்ரோகேல் கூடுதலாகக் காட்டுகிறது. ஜி.பி.எஸ். கருவியின்படி தரை உயரவும் இல்லை, தாழவும் இல்லை. அடியில் எத்தனை செ.மீ. நீர்ப்படலம் சேர்ந்திருக்கும்?

விடைகள்: 1. பிழை ஐந்தில் ஒரு பங்காகும். அதாவது 2 விழுக்காட்டிலிருந்து 0.4 விழுக்காட்டுக்குக் குறையும். 2. 15 மி.மீ. 3. 50 செ.மீ.